பொகவந்தலாவைப் பள்ளத்தாக்கில் தடைதாண்டும் குதிரைகள்

தடைதாண்டும் குதிரைப் பந்தயம் இன்று இலங்கையில் எங்கும் நடப்பதில்லை. நுவரெலியாப் பந்தய மைதானம் 1875இல் உருவானது. ஏப்ரல் வசந்த காலத்தில் அங்கே ஆளுநர் கிண்ணத்துக்கு ஓடுபவை சமதரைக் குதிரைகள். கொழும்பு ரீட் அவெனியூவில் இருந்த பந்தயத் திடல் 1950களிலேயே ஓய்ந்தது. பந்தயம் கட்டும் பழக்கம் மட்டும் ஓயவில்லை. உரிமம் பெற்ற பந்தயக் கடைகள், மக்கள் வாயில் ‘புக்கி’, பிரித்தானியாவிலும் அயர்லாந்திலும் ஓடும் குதிரைகளின் மேல் பணம் வாங்குகின்றன. 1988ஆம் ஆண்டின் 40ஆம் இலக்கச் சட்டம் அவற்றின் மேல் வரி விதிக்கிறது. குளிர்காலத்தில் அந்த நாடுகளில் பெரும்பாலும் நடப்பது தடைதாண்டும் ஓட்டம்தான். ஆகவே ஒரு வேலியையும் நேரில் பார்த்திராதவர்கள் அந்தக் குதிரைகளின் பெயரையும் பழைய ஓட்டங்களையும் மனப்பாடமாகச் சொல்கிறார்கள்.

ஹட்டனிலிருந்து பொகவந்தலாவைக்கு டிக்கோயா, நோர்வூட் வழியாகப் பாதை போகிறது. காசல்ரீ நீர்த்தேக்கத்தின் ஓரமாக வளைந்து, நோர்வூட்டில் மஸ்கெலியா பாதையைப் பிரித்துவிட்டு, கெசல்கமு ஓயாவின் பள்ளத்தாக்குக்குள் நுழைகிறது. தேயிலையின் தங்கப் பள்ளத்தாக்கு என்று பெயர் வாங்கிய இடம் இது. இங்குள்ள புனித மரியாள் தேவாலய வளவில், 1879இல் இறந்த புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கேமரனின் கல்லறை இருக்கிறது. கேமரன் குடும்பத்தைப் போன்ற தோட்டக்காரர்கள் வந்த காலத்தில்தான் குதிரையும் பந்தயமும் இந்த மலைகளுக்கு ஏறின. இப்போது வெள்ளைக்காரத் துரைமாரும் இல்லை, லாயங்களும் இல்லை. எஞ்சியிருப்பது நேரக் கணக்கு. பிரித்தானியாவில் குளிர்காலப் பகல் பன்னிரண்டரை மணிக்கு முதல் ஓட்டம் தொடங்கினால் இங்கே மாலை ஆறு. கொழுந்து நிறுத்து முடித்து, மலையிறங்கி, லயத்துக்குப் போய் முகம் கழுவியவர் தவறவிடாத நேரம் அது. மார்ச் கடைசியில் பிரித்தானியாவில் கடிகாரத்தை மாற்றியதும் ஒரு மணி முன்னால் வருகிறது. ஏப்ரலில் அங்கே நாலு மணிக்கு ஓடும் கிராண்ட் நேஷனல் என்ற தடைதாண்டும் ஓட்டம் இங்கே இரவு எட்டரைக்கு.

தடைதாண்டும் ஓட்டத்தின் மூலக்கதை அயர்லாந்தில் தொடங்குகிறது. 1752இல் கோர்க் மாவட்டத்தில் இரண்டு பேர், பட்டிவன்ட் தேவாலயக் கோபுரத்திலிருந்து டொனரெய்ல் கோபுரம் வரை, இடையில் வந்த மதில், பள்ளம், வேலி எல்லாவற்றையும் தாண்டிக் குதிரை ஓட்டிப் போட்டியிட்டதாகச் சொல்வார்கள். இன்று அது இரண்டு வகையாகப் பிரிந்திருக்கிறது. ‘ஹர்டில்’ ஓட்டத்தில் தடை குறைந்தது மூன்றரை அடி. இடித்தால் சாய்ந்து கொடுக்கும். ‘சேஸ்’ ஓட்டத்தில் குறைந்தது நாலரை அடி. அது எளிதில் விட்டுக்கொடுக்காது. தூரம் ஏறத்தாழ இரண்டு மைலில் தொடங்கும். சமதரைக் குதிரை இரண்டு, மூன்று வயதில் புகழ்பெற்று ஓய்ந்துவிடும். தடைதாண்டும் குதிரை பத்து வயதிலும் ஓடும். ஐந்தாறு பருவங்களின் பதிவு அதன் பின்னால் இருப்பதால் கணிப்பவருக்கு வாசிக்க நிறைய உண்டு. இந்த ஓட்டத்தின் பெரிய கவர்ச்சியே அதுதான்.

கணிப்பவர் முதலில் பார்க்க வேண்டியது தரை. ‘ஹெவி’, ‘சொஃப்ட்’, ‘குட் டு சொஃப்ட்’, ‘குட்’ என்று மைதானத்தின் ஈரம் அன்றன்று அறிவிக்கப்படுகிறது. சேற்றில் மூன்று மைல் ஓடும் குதிரைக்குத் தேவை மூச்சும் தசை உறுதியும். உலர்ந்த தரையில் வேகமும் தடையை விரைந்து தாண்டும் லாவகமும். ஒரே குதிரை ஈரத்தில் வென்று, உலர் தரையில் கடைசியாக வருவது சாதாரணம். ஆகவே பழைய வெற்றிகளை எண்ணும்போது அவை எந்தத் தரையில் வந்தவை என்று பார்க்காமல் எண்ணக் கூடாது. பெயரைப் பார்த்துக் கட்டுபவருக்கும் பதிவைப் பார்த்துக் கட்டுபவருக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் இந்த ஓர் இடத்தில்தான் வெளிப்படுகிறது. காலையில் பெய்த மழை பிற்பகலில் தரையின் பெயரையே மாற்றிவிடும். முதல் நாள் இரவு போட்ட கணக்கை ஓட்டத்துக்கு முன் ஒருமுறை திருத்த வேண்டியிருக்கும்.

அடுத்தது தாண்டும் திறன். குதிரையின் பெயருக்கு முன்னால் அச்சாகும் எண்களும் எழுத்துகளும் அதன் வரலாறு. வலது கோடியில் இருப்பது கடைசி ஓட்டம். எண் அது வந்த இடத்தைக் காட்டும். ஒன்பதாம் இடத்துக்குப் பின்னால் வந்தால் பூச்சியம். ஆங்கில எழுத்து ‘எஃப்’ என்றால் விழுந்தது, ‘யு’ என்றால் ஜொக்கியைத் தள்ளிவிட்டது, ‘பி’ என்றால் முடிக்காமல் பாதியில் நிறுத்தப்பட்டது, ‘ஆர்’ என்றால் தாண்ட மறுத்தது. எண்களை மட்டும் வாசிப்பவர் பாதியைத்தான் வாசிக்கிறார். கடைசி வேலியில் முன்னணியில் வந்து விழுந்த குதிரையும், முதல் வேலியிலேயே தடுமாறி விழுந்த குதிரையும் ஒரே எழுத்தைத்தான் பெறும். ஓட்டத்தின் விவரக் குறிப்பைத் தேடிப் படித்தால்தான் இரண்டும் பிரியும். இரண்டு, மூன்று முறை நிறுத்தப்பட்ட குதிரையைப் பற்றி அவ்வளவு தாராளம் காட்டத் தேவையில்லை. அதன் உடம்பிலோ மனத்திலோ ஏதோ சரியில்லை.

விழுந்தவையும் தடுக்கப்பட்டவையும் சேர்ந்து எதிர்பாராத வெற்றியாளரை உண்டாக்குவதும் உண்டு. 1967 கிராண்ட் நேஷனலில் இருபத்து மூன்றாம் வேலியில் குதிரைகள் ஒன்றன் மேல் ஒன்றாக முட்டி நின்றபோது, வெகு பின்னால் வந்துகொண்டிருந்த ஃபொய்னவன் இடைவெளி கண்டு தாண்டி, நூற்றுக்கு ஒன்று என்ற விலையில் வென்றது. அதைக் காட்டிக் கணிப்பே வீண் என்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அந்த வாதம் சரியல்ல. நூறு ஆண்டுகளில் ஓரிரு முறை நடப்பதால்தானே அந்தப் பெயர் இன்னும் நினைவில் நிற்கிறது.

தூரத்தையும் மைதானத்தையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது. செல்டன்ஹாம் இடப்பக்கம் திரும்பும் மைதானம்; கடைசியில் மேடேறி முடிகிறது. அங்கே மார்ச்சில் நடக்கும் தங்கக் கிண்ண ஓட்டம் மூன்றேகால் மைலுக்குச் சற்று மேல், இருபத்திரண்டு வேலிகள். வலப்பக்கம் திரும்பும் கெம்ப்டன் தட்டையானது. கெம்ப்டனில் பறந்த குதிரை செல்டன்ஹாம் மேட்டில் நின்றுபோகலாம். டெசர்ட் ஓர்க்கிட் என்ற குதிரை வலப்பக்க மைதானங்களின் ராஜாவாக இருந்தது. 1989இல் சேறாகக் கிடந்த செல்டன்ஹாமில் தங்கக் கிண்ணத்தை வென்றபோது, தரை, திசை இரண்டையும் மீறி நெஞ்சுரத்தால் வென்றது என்றே எழுதினார்கள். எய்ன்ட்ரியில் கிராண்ட் நேஷனல் நாலேகால் மைலைத் தாண்டும். முப்பது தாண்டல்கள், கடைசி வேலிக்குப் பின் ஏறத்தாழ 450 மீட்டர் வெற்றுத் தரை. 2024 முதல் அதில் ஓடும் குதிரைகள் நாற்பதிலிருந்து முப்பத்து நான்காகக் குறைக்கப்பட்டன.

எடைதான் பலருக்குப் புரியாத பகுதி. ‘ஹண்டிகப்’ ஓட்டங்களில் திறமையான குதிரைக்குக் கூடுதல் சுமை ஏற்றிச் சமப்படுத்துகிறார்கள். மதிப்பெண்ணில் ஒன்று கூடினால் ஒரு இறாத்தல் கூடும். 1973 கிராண்ட் நேஷனலில் கிறிஸ்ப் பன்னிரண்டு ஸ்டோன், அதாவது 76 கிலோவுக்கு மேல், சுமந்து வெகுதூரம் முன்னால் ஓடியது. அதைவிட 23 இறாத்தல் குறைவாகச் சுமந்த ரெட் ரம் கடைசி அடிகளில் எட்டிப் பிடித்து முக்கால் குதிரை நீளத்தில் வென்றது. நிறைந்த கொழுந்துக் கூடையுடன் மழையில் வழுக்கும் மலைப்பாதை ஏறியவருக்கு, கிறிஸ்பின் கால்கள் ஏன் கடைசியில் பின்னின என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. அடுத்த ஆண்டு ரெட் ரம் அதே பன்னிரண்டு ஸ்டோனைச் சுமந்தும் வென்றது, 1977இல் மூன்றாம் முறையும் வென்றது. எடை பெரிய காரணிதான். ஆனால் மைதானத்தை விரும்பும் குதிரை அதையும் தாங்கும். அனுபவம் குறைந்த ஜொக்கிக்கு ஏழு, ஐந்து, மூன்று இறாத்தல் சலுகை உண்டு. கையில் திறமையுள்ள இளைஞன் கிடைத்தால் அது பெரிய லாபம்.

பயிற்சியாளரின் குதிரைகள் ஓட்டத்துக்கு முந்தைய இரு வாரங்களில் நன்றாக ஓடுகின்றனவா என்பதையும் ஒரு பார்வை பார்த்தால் போதும்.

இவ்வளவையும் பார்த்து முடிந்த பிறகுதான் விலைக்கு வர வேண்டும். பலர் தலைகீழாக, விலையிலிருந்து தொடங்குகிறார்கள். நாலுக்கு ஒன்று என்ற விலை, அந்தக் குதிரை ஐந்தில் ஒரு முறை வெல்லும், அதாவது 20 வீதம், என்று சொல்கிறது. ஐந்து குதிரைகள் ஓடும் ஓர் ஓட்டத்தை எடுத்துக்கொள்ளலாம். விலைகள் ஆறுக்கு நாலு, இரண்டுக்கு ஒன்று, நாலுக்கு ஒன்று, எட்டுக்கு ஒன்று, பன்னிரண்டுக்கு ஒன்று. இவற்றின் வீதங்கள் முறையே 40, 33.3, 20, 11.1, 7.7. கூட்டினால் 112.1. நூறுக்கு மேலுள்ள பன்னிரண்டு கடையின் பங்கு. குதிரைகள் எப்படி ஓடினாலும் அந்தப் பங்கு விலைக்குள்ளேயே இருக்கிறது. எல்லாரும் விரும்பும் ‘ஃபேவரிட்’ ஏறத்தாழ மூன்றில் ஒரு முறைதான் வெல்கிறது. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, எது வெல்லும் என்பதோடு முடிவதில்லை. தரும் விலைக்கு அது தகுமா என்பதும் சேர்ந்தது. நாலில் ஒரு முறை வெல்லக்கூடிய குதிரைக்கு ஆறுக்கு ஒன்று கிடைத்தால் கட்டலாம். இரண்டுக்கு ஒன்று என்றால், அது வெல்லப்போகிறது என்று தோன்றினாலும் விட்டுவிட வேண்டும்.

இந்திய உச்ச நீதிமன்றம் 1996இல், சென்னைக் குதிரைப் பந்தயக் கழகம் தொடர்பான லட்சுமணன் வழக்கில், குதிரைப் பந்தயம் பெருமளவுக்குத் திறனைச் சார்ந்தது என்று தீர்ப்பளித்தது. மேலே சொன்ன வாசிப்பெல்லாம் அந்தத் திறனில் அடங்கும். ஆனால் அந்தத் திறன் கடையின் பங்கைத் தாண்டும் அளவுக்கு இருந்தால்தான் கட்டுபவருக்கு மிஞ்சும். அவ்வளவு திறன் மிகச் சிலரிடமே உண்டு. தோட்டத் தொழிலாளரின் நாளாந்த அடிப்படைச் சம்பளம் 2024 செப்டெம்பரில் 1,350 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. ஓர் ஓட்டத்துக்கு 200 ரூபாய் வீதம் ஆறு ஓட்டங்களில் கட்டினால் 1,200 ரூபாய். அந்தச் சம்பளத்தில் ஏறக்குறைய ஒரு முழுப் பேர், அதாவது ஒரு நாள் கூலி. பெண்கள் கொழுந்தெடுத்துச் சேர்த்த காசு கடை மேசையில் போய்விடும் வீடுகளில், இந்தக் கணக்கைப் பந்தயம் கட்டுபவரைவிட வீட்டிலிருப்பவர்களே சரியாகப் போடுகிறார்கள்.

கட்டுவதென்று முடிவெடுத்தவருக்கு வெற்றியோடு இடத்துக்கும் சேர்த்துக் கட்டும் முறை ஓரளவு காப்பு. பிரித்தானிய வழக்கப்படி எட்டோ அதற்கு மேலோ ஓடினால் பொதுவாக முதல் மூன்று இடங்களுக்கு விலையில் ஐந்தில் ஒரு பங்கு. பதினாறோ அதற்கு மேலோ ஓடும் ஹண்டிகப்பில் நாலு இடங்களுக்குக் கால் பங்கு. ஐந்துக்குக் குறைவாக ஓடினால் இடத்துக்குப் பணமே இல்லை. எட்டுக் குதிரைகள் என்று நினைத்துக் காலையில் கட்டிய ஓட்டத்திலிருந்து ஒன்று விலகினால் மூன்று இடம் இரண்டாகிவிடும். அதனால் இடத்துக்குக் கட்டுபவர், குதிரைகள் புறப்படும் முன் எத்தனை மிச்சம் இருக்கின்றன என்று எண்ணிய பிறகே பணத்தை நீட்டுவது நல்லது.