மெழுகிய தரை

புசல்லாவையில் 'ரொத்சைல்ட்' என்றொரு தோட்டம் இருக்கிறது. ஐரோப்பாவின் பெருஞ்செல்வக் குடும்பமான ரொத்சைல்டுகளின் உறவினர்களாகிய வொர்ம்ஸ் சகோதரர்கள் உண்டாக்கிய தோட்டம் அது. 1841-ஆம் ஆண்டிலேயே அங்கே சீனத் தேயிலைக் கன்றுகள் நடப்பட்டன. ஆகவே, யூதர் என்றதும் எங்கள் மலையில் பிறந்தவனுக்கு ஒரு துரையின் உருவமே கண்முன் நிற்கக்கூடும். அந்த இனத்திலும் வண்டியிழுத்துப் பிழைத்த ஏழைகளே மிகுதி என்பதை எனக்கு உணர்த்தியது ஒரு திரைப்படம்.

நோர்மன் ஜூவிசன் 1971-இல் எடுத்த 'ஃபிட்லர் ஆன் த ரூஃப்' என்னும் படத்தைச் சொல்கிறேன். காலம் 1905, இடம் ஜார் மன்னனின் ரஷ்யாவில் அனத்தெவ்கா என்னும் சிற்றூர். பால்காரன் தெவியாவுக்கு ஐந்து பெண்மக்கள். ஒரு நொண்டிக் குதிரை. வெள்ளிக்கிழமை மாலையில் ஓய்வுநாள் விளக்கேற்றி வழிபடும் குடும்பம். கடவுளிடம் அயல்வீட்டுக்காரரிடம் பேசுவதுபோல் பேசி, வழக்காடி, கோபித்துக்கொள்ளும் பக்தி அவனுடையது. கடைசியில் அரசாணை வருகிறது: மூன்று நாளில் யூதர் அனைவரும் ஊரை விட்டு வெளியேற வேண்டும். மூட்டைகள் கட்டியாகிவிட்டன. தெவியாவின் மனைவி கோல்டே துடைப்பத்தை எடுத்து வீட்டைக் கூட்டுகிறாள். வீட்டை அழுக்காய் விட்டுப் போக அவளுக்கு மனமில்லை.

ஹட்டனில் நண்பர் ஒருவர் வீட்டில் இதைப் பார்த்த எனக்கு அப்பாயி சொன்ன செய்தி நினைவுக்கு வந்தது. சித்தப்பா குடும்பம் இந்தியாவுக்குப் புறப்பட்ட அன்று, சித்தி விடியுமுன் எழுந்து லயக் காம்பராவின் மண் தரையைச் சாணமிட்டு மெழுகினாளாம். "யாருக்கடி மெழுகுகிறாய்?" என்று அப்பாயி கேட்டதற்கு, "வருகிறவர்கள் நம்மை என்ன நினைப்பார்கள், அத்தை?" என்றாளாம்.

1964 அக்டோபர் 30-ஆம் நாள் சிறிமாவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரின் கதி பின்னர் பேசப்படும் என்றார்கள். பங்கிடப்பட்டவர்களில் எவரையும் அவர்கள் கேட்கவில்லை. அம்மக்களைத் தலைமன்னாருக்கு ஏற்றிச் சென்ற ரயிலை எங்கள் ஜனங்கள் 'ஒப்பாரிக் கோச்சி' என்றார்கள்.

யூதருக்கு நேர்ந்ததும் எமக்கு நேர்ந்ததும் ஒன்று என நான் சொல்லவில்லை. நாஜிகள் கொன்று குவித்த அறுபது இலட்சம் உயிர்களுக்கு முன் அத்தகைய ஒப்பீடு பொய்யாகும். ஆயினும் முதற்படி ஒன்றை நாம் கவனிக்க வேண்டும். 1935-இல் நியூரம்பர்க் சட்டம் யூதரின் குடியுரிமையைப் பறித்தது. 1948-இல் இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரை நாடற்றவர் ஆக்கியது. மனிதனை மண்ணிலிருந்து பிடுங்குமுன் ஏட்டிலிருந்து பிடுங்குகிறார்கள்.

அனத்தெவ்காவின் துயரம் உலகத்தின் துயரமாயிற்று. ஏன்? அந்த விளக்கையும் துடைப்பத்தையும் நொண்டிக் குதிரையையும் கலைஞன் விடாமல் காட்டினான். அவ்வாறு காட்டிய ஜூவிசன் யூதரும் அல்லர். எம் பக்கத்தில் வி. பி. கணேசன் 1975-இல் 'புதிய காற்று' எடுத்துத் தோட்ட வாழ்வைத் திரைக்குக் கொணர்ந்தார். ஆனால் ஒப்பாரிக் கோச்சியில் ஏறியவர்களின் வாக்குமூலம் முழுமையாகப் பதிவாகவில்லை. அந்தக் கடன் நிற்கிறது.

பழைய படச்சுருள் இல்லையே, பணம் இல்லையே என்பார்கள். குளோட் லான்ஸ்மான் 1985-இல் வெளியிட்ட 'ஷோவா' ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஓடுவது. அதில் பழைய படச்சுருள் ஓர் அடிகூட இல்லை. உயிர் தப்பியவர்கள் பேசுகிறார்கள், புல் மூடிய முகாம் நிலத்தையும் ஓடும் ரயிலையும் பார்க்கிறோம், அவ்வளவே. எமக்கும் ஹட்டன் ரயில் நிலையம் இருக்கிறது; 1984-இல் கப்பல் நின்றுபோன தலைமன்னார்த் துறை இருக்கிறது; கடலுக்கு அப்பால் மண்டபம் இருக்கிறது; தாயகம் திரும்பியவர்களுக்கென 1968 முதல் அரசு திறந்த நீலகிரித் தேயிலைத் தோட்டங்கள் இருக்கின்றன.

மனிதர்கள்தாம் குறைந்துகொண்டே வருகிறார்கள். 1970-இல் இருபது வயதில் கப்பலேறியவருக்கு இன்று எழுபத்தைந்து கடந்துவிட்டது. படம் பிடிக்கும் கைபேசியோ இன்று லயங்களுக்கும் வந்துவிட்டது. இளைஞர்கள் இருகரையிலும் அந்த முதியோரிடம் சென்று அமர வேண்டும். பெரிய கேள்விகள் வேண்டாம். புறப்பட்ட நாளில் அந்தக் காம்பராவில் கடைசியாக என்ன வேலை செய்தீர்கள் என்று கேட்டால் போதும்; மற்றதை அவர்களே சொல்வார்கள்.