பெர்லினில் ஓர் இரவு நடையும் கூவாகத்து ராத்திரியும்

கடந்த ஆண்டு கோடையில் சமூகப் பணியாளர்களுக்கான ஒரு பயிற்சிக்காகப் பத்து நாள் பெர்லினில் இருந்தேன். புதுக்கோட்டை மாவட்டத்துக் காலனிகளிலும் விடுதிகளிலும் வேலை செய்கிற எனக்கு அதுதான் முதல் வெளிநாட்டுப் பயணம். அங்கே ஒரு சனிக்கிழமை இரவு, எல்ஜிபிடிக்யூ என்று சொல்லப்படும் பால்புதுமையினர் கூடும் மதுக்கூடங்கள், நடனக் கூடங்கள் வழியாக வழிகாட்டி ஒருவர் அழைத்துப் போகும் சுற்றுலாவில் சேர்ந்தேன். ஊர் திரும்பி இதைச் சொன்னதும் மாணவத் தோழர்கள் இரண்டு கேள்வி கேட்டார்கள். "அங்க அவங்க எல்லாரும் சுதந்திரமா இருக்காங்களாக்கா?" என்பது ஒன்று. "நமக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?" என்பது இன்னொன்று. இரண்டுக்கும் சேர்த்து இங்கே பதில் எழுதுகிறேன்.

நடைக்குக் கட்டணம் 25 யூரோ. நூறு நாள் வேலைக் கணக்கில் ஒரு வாரக் கூலி. பயிற்சிக்கு வந்திருந்த கேரளத் தோழி ஒருவர் என் பங்கையும் சேர்த்துக் கட்டினார். மொத்தம் பன்னிரண்டு பேர். பெரும்பாலும் அமெரிக்கர்கள், ஆங்கிலேயர்கள். வழிகாட்டி அறுபதை நெருங்கும் தன்பாலீர்ப்பாளர். ஷோனபெர்க் பகுதியில் நோலண்டார்ஃப்பிளாட்ஸ் ரயில் நிலைய வாசலில் எல்லாரும் கூடினோம். நிலையச் சுவரில் முக்கோண வடிவில் இளஞ்சிவப்புக் கல் ஒன்று பதித்திருக்கிறார்கள். நாஜி வதைமுகாம்களில் தன்பாலீர்ப்பு ஆண்களின் சட்டையில் தைக்கப்பட்ட அடையாளம் அது. அவர்களின் நினைவாக 1989-இல் வைத்தார்கள்.

அங்கிருந்து மோட்ஸ் தெரு. இருபுறமும் வானவில் கொடிகள், நடைபாதையில் மேசைகள், கைகோத்தபடி போகும் ஆண்கள். யாரும் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. நாங்கள் பன்னிரண்டு பேர் மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

தெருமுனையில் ஒரு கட்டடத்தின் முன் வழிகாட்டி நின்றார். 1920-களின் கடைசியிலும் 1930-களின் தொடக்கத்திலும் அங்கே 'எல்டொராடோ' என்ற கேளிக்கை விடுதி இருந்தது. பெண்ணுடையில் ஆண்களும், இன்று நாம் திருநங்கை என்று அழைக்கக்கூடியவர்களும் அங்கே ஆடினார்கள், பாடினார்கள், விருந்தினரோடு அமர்ந்தார்கள். பார்க்க வந்தவர்களில் பலர் பால்புதுமையினர் அல்லர். பணக்காரர்கள், வெளிநாட்டுப் பயணிகள், எழுத்தாளர்கள். 1931-இல் கர்ட் மோரெக் என்பவர் 'ஒழுக்கம் கெட்ட' பெர்லினுக்கு ஒரு வழிகாட்டி நூலே எழுதி வெளியிட்டார். எந்த இரவு விடுதியில் யாரைப் பார்க்கலாம் என்று அதில் இருந்தது. அதாவது நான் போன இந்தச் சுற்றுலா புதிதல்ல. ஏறக்குறைய நூறு வருடமாக நடக்கிறது.

அந்த வழிகாட்டி நூல் வந்து இரண்டே ஆண்டுகளில் எல்லாம் முடிந்தது. 1933-இல் அதே எல்டொராடோ கட்டடத்தில் நாஜிக் கொடிகள் தொங்கின. விடுதியில் வந்து குவிந்து கைதட்டிய கூட்டம் தெருவுக்கு வந்து எதிர்த்ததாக வழிகாட்டி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. எதிர்க்கும் கடமை அவர்களுக்கு இருப்பதாக யாரும் நினைத்திருக்கவும் மாட்டார்கள். டிக்கெட் வாங்கிப் பார்ப்பவருக்கும் ஆடுபவருக்கும் இருக்கும் உறவு டிக்கெட்டோடு முடிந்துவிடும்.

இந்த இடத்தில்தான் எனக்கு என் தாத்தா நினைவுக்கு வந்தார். எங்கள் தாத்தா பறையடிப்பவர். ஊர்க் கோவில் திருவிழாவில் அவர் அடி இல்லாமல் சாமி புறப்படாது. "என்னா அடி அடிக்கிறான்யா" என்று ஊரே சுற்றி நின்று பார்க்கும். பணத்தை வேட்டியில் குத்திவிடுவார்கள். அதே கோவிலுக்குள் அவர் ஒருநாளும் காலடி வைத்ததில்லை. மறுநாள் காலை டீக்கடையில் அவருக்குத் தனி கிளாஸ். ரசிக்கப்பட்டார், கொண்டாடப்பட்டார். ஆனால் ஊருக்குள் குடியிருக்கவோ, உட்கார்ந்து டீ குடிக்கவோ அந்த ரசனை அவருக்கு எந்த உரிமையையும் வாங்கித் தரவில்லை. வேடிக்கை பார்க்கப்படுவது வேறு, சமமாக நடத்தப்படுவது வேறு என்பதை நம் சேரிப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

வேங்கைவயலும் நம் மாவட்டம்தான். 2022 டிசம்பரில் நம் மக்கள் குடிக்கும் தண்ணீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது தெரிந்ததும், கேமராவோடும் கார்களோடும் எத்தனை பேர் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்? பார்வையாளர் எண்ணிக்கைக்கும் நீதிக்கும் என்ன தொடர்பு என்பதை அந்தத் தெருக்காரர்களிடம் கேளுங்கள்.

கூவாகம் எல்லாருக்கும் தெரியும். கள்ளக்குறிச்சி மாவட்டம், உளுந்தூர்பேட்டைப் பக்கம், கூத்தாண்டவர் கோவில். சித்திரைப் பௌர்ணமி இரவில் திருநங்கைகள் அரவானுக்குத் தாலி கட்டிக்கொள்வார்கள். மறுநாள் அரவான் பலியானதும் தாலியறுத்து, வளையல் உடைத்து, வெள்ளைச் சேலை உடுத்துவார்கள். சுகாதார முகாம் தன்னார்வலராக இரண்டு முறை போயிருக்கிறேன். அந்த ராத்திரி கோவிலைச் சுற்றியுள்ள வயல்காட்டில் நிற்கிற ஆண்களைப் பார்த்தால் யார் எதற்கு வந்திருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். குடித்துவிட்டுக் கையைப் பிடித்து இழுப்பவர்கள், செல்போனை முகத்துக்கு நேரே நீட்டுபவர்கள், "ஒரு போட்டோ" என்று தோளில் கை போடுபவர்கள். பெரிய கேமராவோடு வெளிநாட்டுக்காரர்களும் உண்டு.

இரண்டாம் முறை போனபோது அங்கே எங்கள் பக்கத்துப் பிள்ளை ஒருத்தியைப் பார்த்தேன். அன்னவாசல் பக்கம் ஒரு காலனி. பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண். பதினொன்றாம் வகுப்புக்கு ஒரு விடுதியில் சேர்ந்து, நடையையும் பேச்சையும் வைத்துப் பையன்கள் செய்த கொடுமை தாங்காமல் பாதியில் வெளியேறியவள். புகார் சொன்னபோது விடுதியில் கிடைத்த பதில், "நீ ஆம்பளை மாதிரி நடந்துக்கோ, எல்லாம் சரியாயிடும்". அப்புறம் வீட்டிலும் இடமில்லை. அன்று பட்டுச் சேலையில், தலை நிறையப் பூவோடு இருந்தாள். "அழகா இருக்கம்மா" என்றேன். சிரித்தாள்.

"இன்னைக்கு எல்லாரும் அப்படித்தாங்க்கா சொல்றாங்க. நாளன்னைக்குப் புதுக்கோட்டை பஸ்ல ஏறுனா என் பக்கத்து சீட்டு காலியாவே வரும். கண்டக்டர் காசைக் கையில வாங்க மாட்டாரு. டிரைவர் சீட்டுக்குப் பின்னாடி நின்னுக்கிட்டே போன எங்க அப்பாயி கதைதான் எனக்கும்."

இதைவிடத் தெளிவாக எந்தச் சமூகவியல் பாடப் புத்தகமும் எனக்குச் சொன்னதில்லை. அவளுக்கு நடப்பது பாலினத்தால் மட்டும் நடப்பதில்லை. சாதியால் மட்டுமும் இல்லை. அவள் அப்பாயிக்குத் தெரிந்த தீண்டாமையும் அவளுக்கே உரிய தீண்டாமையும் ஒரே பேருந்தில் ஒரே இருக்கையில் வந்து உட்கார்கின்றன.

பெர்லினுக்குத் திரும்புவோம். அந்த இரவில் நான் கேட்ட கதைகளிலேயே எனக்கு முக்கியமாகப் பட்டது இரவு விடுதியைப் பற்றியதல்ல. மாக்னஸ் ஹிர்ஷ்ஃபெல்ட் என்ற யூத மருத்துவர் 1919-இல் பெர்லினில் பாலியல் அறிவியல் நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். ஆராய்ச்சி, சிகிச்சை, ஆலோசனை எல்லாம் அங்கே நடந்தன. பெண்ணாக மாறும் அறுவை சிகிச்சையை உலகில் முதலில் செய்துகொண்டவர்களில் ஒருவரான டோரா ரிக்டர் அங்கேதான் இருந்தார். என்னவாக? வீட்டு வேலைப் பணியாளராக. அவரைப் போன்றவர்களுக்கு வெளியே வேலை கிடைப்பது அரிது என்பதால் அந்த நிறுவனமே வேலை கொடுத்தது. யோசித்துப் பாருங்கள். ஐரோப்பாவே வந்து வேடிக்கை பார்த்த நகரத்தில், ஒரு திருநங்கைக்குச் சம்பள வேலை தர ஓரிரண்டு கதவுகள்தான் திறந்திருந்தன. 1933 மே 6 அன்று நாஜி மாணவர்கள் அந்த நிறுவனத்தைச் சூறையாடினார்கள். நான்கு நாள் கழித்து நகரின் நடுவே நடந்த புத்தக எரிப்பில் அதன் நூல்களும் எரிந்தன.

அங்கே இன்னொன்றையும் கவனித்தேன். எல்டொராடோவில் விளக்கு எரிந்த அந்த வருடங்களிலெல்லாம், ஆண்களுக்கு இடையிலான உறவைக் குற்றமாக்கிய 175-ஆம் பிரிவு சட்டப் புத்தகத்தில் அப்படியே இருந்தது. 1871-இல் ஜெர்மனியின் குற்றவியல் சட்டத்தில் வந்த பிரிவு அது. காவல்துறை விடுதிகளைக் கண்டுகொள்ளாமல் விட்டது. அதேசமயம் பெயர்ப் பட்டியலும் வைத்திருந்தது. ஆட்சி மாறியதும் பட்டியல் பயன்பட்டது. 1935-இல் நாஜிகள் பிரிவைக் கடுமையாக்கினார்கள். போர் முடிந்தும் மேற்கு ஜெர்மனி அந்த நாஜி வடிவத்தையே 1969 வரை வைத்திருந்தது. பிரிவு முழுமையாக நீங்கியது 1994-இல்.

அதே 1871-இல்தான் இந்தியாவில் பிரிட்டிஷார் குற்றப் பரம்பரைச் சட்டம் கொண்டுவந்தார்கள். பல சமூகங்களைப் பிறவிக் குற்றவாளிகள் என்று பதிவு செய்த அந்தச் சட்டத்தின் இன்னொரு பகுதி, வட இந்தியாவின் ஹிஜ்ராக்களைப் பதிவு செய்து கண்காணிப்பதற்கானது. சாதியையும் பாலினத்தையும் ஒரே பதிவேட்டில் எழுத அரசுக்குத் தெரிந்திருந்தது. நாம்தான் இன்னும் தனித்தனியாகப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

நடையின் முடிவில் ஒரு நடனக் கூடத்துக்குள் போனோம். வாசலில் இருந்தவர் எங்கள் குழுவை அப்படியே உள்ளே விட்டார். எங்களுக்கு முன்னால் நின்றிருந்த கறுப்பு இளைஞர்கள் இருவரைத் திருப்பி அனுப்பியதைப் பார்த்தேன். வழிகாட்டியிடம் கேட்டேன். "இது இங்கே உண்டு" என்றார். "பால்புதுமையினர் என்பதால் இனவெறி இல்லாமல் போய்விடாது. என்னோடு வந்ததால் உங்களை விட்டார்கள்." அவர் மறைக்காமல் சொன்னது எனக்குப் பிடித்தது. உள்ளே இசையும் வியர்வையும் சிரிப்புமாக இருந்தது. யாரும் யாருக்காகவும் ஆடவில்லை, தமக்காக ஆடினார்கள். அந்தச் சந்தோஷத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். நம் பிள்ளைகளுக்கும் அப்படி ஓர் இரவு வேண்டும். ஆனால் வாசலில் திருப்பி அனுப்பப்பட்டவர்களின் கணக்கையும் சேர்த்துத்தான் எந்த இரவையும் சுதந்திரம் என்று சொல்ல முடியும்.

அப்படியானால் வேடிக்கை எப்போது உரிமையாகிறது? இதற்கு விடை நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. 1991-இல் ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து புதுக்கோட்டைப் பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். முதலில் ஓட்டிய பெண்களைத் தெருவே நின்று பார்த்தது. விசிலடித்தார்கள், கேலிப் பேச்சுப் பேசினார்கள். ஆயிரக்கணக்கில் பெண்கள் ஓட்டத் தொடங்கி, கல்குவாரிக்கும் தண்ணீருக்கும் வகுப்புக்கும் போகத் தொடங்கியதும் பார்ப்பதற்கு ஒன்றுமில்லாமல் போனது. இன்று கீரனூரில் ஒரு பெண் சைக்கிளில் போனால் யார் திரும்பிப் பார்க்கிறார்கள்? வேலைக்கும் படிப்புக்கும் போகிற அன்றாட வழியில் ஒருவர் இடம்பிடிக்கும்போதுதான் வேடிக்கை முடிகிறது.

ஆகவே திருநருக்கு வேண்டியது அன்றாடத்தில் இடம்: பள்ளி, விடுதி, வேலை, வாடகை வீடு. 2014-இல் நால்சா தீர்ப்பில் உச்ச நீதிமன்றம், திருநரைச் சமூகரீதியாகவும் கல்விரீதியாகவும் பின்தங்கியவர்களாகக் கருதி இடஒதுக்கீடு தரச் சொன்னது. 2015-இல் தமிழக அரசு அவர்களை மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் சேர்த்தது. அன்னவாசல் பிள்ளை என்ன செய்வாள்? பாலினத்தைச் சொல்லி அந்தப் பட்டியலுக்குப் போனால் பட்டியல் சாதி உரிமை என்னாகும்? சாதியைச் சொல்லி நின்றால் அவள் திருநங்கை என்பது கணக்கிலேயே வராது. இதனால்தான் தோழர் கிரேஸ் பானு போன்ற தலித் திருநர் செயற்பாட்டாளர்கள் கிடைமட்ட இடஒதுக்கீடு கேட்கிறார்கள். ஒவ்வொரு சாதிப் பிரிவுக்குள்ளும் திருநருக்குப் பங்கு, பெண்களுக்கு இருப்பதுபோல. கர்நாடகம் 2021-இல் அரசு வேலைகளில் ஒரு சதவீதம் இப்படிக் கொடுத்துவிட்டது. 2024-இல் சென்னை உயர் நீதிமன்றமும், பாலினத்தைச் சாதிபோல நடத்திய தமிழக அரசாணை செல்லாது என்று சொல்லி, கிடைமட்டமாகத் தரும்படி கூறியது.

இப்போது அந்த இரண்டு கேள்விகள். அங்கே எல்லாரும் சுதந்திரமாக இருக்கிறார்களா? பலர் இருக்கிறார்கள், போராடி வாங்கினார்கள், ஒருமுறை முழுவதுமாக இழந்தும் இருக்கிறார்கள், வாசலில் இன்னும் சிலர் நிற்கிறார்கள். நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? நம் காலனியிலும் நம் விடுதியிலும் அந்தப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அம்பேத்கர் படத்தின் கீழே உட்கார்ந்துகொண்டு பக்கத்துக் கட்டில் பையனை "ஒம்போது" என்று கூப்பிட்டால், நாம் டீக்கடைக்காரரின் வேலையைச் செய்கிறோம்.

விடுதியில் இருக்கும் தம்பி, தங்கைகளுக்கு ஒரு வேலை சொல்கிறேன். உங்கள் விடுதியில் இப்படிக் கேலி செய்யப்படும் பிள்ளை யார் என்று உங்களுக்குத் தெரியும். முதலில் அவரோடு சேர்ந்து சாப்பிடுங்கள். காவல்துறை தொல்லை கொடுத்தால், பால்புதுமையினரைத் துன்புறுத்தக் கூடாது என்று 2022-இல் தமிழகக் காவலர் நடத்தை விதிகளிலேயே சேர்க்கப்பட்டிருப்பதை எடுத்துச் சொல்லுங்கள். மாவட்டத்தின் எல்லா விடுதிகளிலும் இத்தகைய புகாரை விசாரிக்க மாணவர்களும் இடம்பெறும் குழு வேண்டும், படிப்பை விட்டுப்போன திருநர் பிள்ளைகளை மறுபடி சேர்க்க வேண்டும் என்று ஆட்சியருக்குக் கொடுக்க ஒரு மனு எழுதி வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கொடுக்கப் போகிறோம். கூட வருகிறவர்கள் காலை ஒன்பது மணிக்குப் புதுக்கோட்டை பேருந்து நிலையத்துக்கு வந்துவிடுங்கள். அன்னவாசல் பஸ்ஸில் அவளும் வருவதாகச் சொல்லியிருக்கிறாள்.