புல்லை வெட்டி எழுப்பிய சுவர்: நிக்கோடிமஸ் குடியேற்றத்தின் தொடக்க ஆண்டுகள்

கான்சாஸ் மாநிலத்தின் வடமேற்கில், கிரஹாம் கவுண்டி எனப்படும் மாவட்டத்தில், சாலமன் ஆற்றின் தென்கிளையை ஒட்டி அமைந்த நிக்கோடிமஸ் என்னும் சிற்றூர், அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் பின் அடிமைத்தளையிலிருந்து விடுபட்டவர்கள் 1877ஆம் ஆண்டில் குடியேறி உருவாக்கிய உழவர் ஊராகும். மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே அக்காலத்தில் தோன்றிய கறுப்பினக் குடியேற்றங்களில் இன்றுவரை அழியாமல் நிற்பதாகக் கருதப்படும் இவ்வூர், 1996இல் தேசிய வரலாற்றுத் தலமாக அறிவிக்கப்பட்டது. 24ஆம் எண் நெடுஞ்சாலை வழியாக இன்று அங்குச் செல்பவருக்கு முதல் பாப்டிஸ்ட் தேவாலயம், ஆப்பிரிக்க மெதடிஸ்ட் எபிஸ்கோபல் (ஏ.எம்.ஈ.) தேவாலயம், செயின்ட் பிரான்சிஸ் விடுதி, பள்ளிக்கூடம், ஊர் மன்றக் கூடம் என ஐந்து பழைய கட்டடங்கள் காட்டப்படுகின்றன. ஆனால் இவற்றுள் எதுவும் முதற்குடிகள் ஒதுங்கி வாழ்ந்த வீடு அன்று. அவ்வீடுகள் புல்வேர் பிணைந்த மண்ணால் ஆனவை என்பதாலும், மண்ணுக்கே திரும்பிவிட்டவை என்பதாலும், ஊரின் முதல் கைத்தொழிலைக் கண்ணால் காண இன்று வழியில்லை. அத்தொழில் எவ்வாறு நடந்தது, அதைச் செய்தவர்கள் யார் என்பதை விளக்காமல் அந்த ஐந்து கட்டடங்களை மட்டும் வருணிப்பது, இரண்டாம் அதிகாரத்திலிருந்து நூலைப் படிக்கத் தொடங்குவதற்கு ஒப்பாகும்.

குடியேற்றத்தின் சட்ட அடிப்படை, 1862ஆம் ஆண்டு மே 20 அன்று கையெழுத்தான ஹோம்ஸ்டெட் சட்டமாகும். இருபத்தொரு வயது நிரம்பியவரோ குடும்பத் தலைவரோ சிறு பதிவுக் கட்டணம் செலுத்தி 160 ஏக்கர் வரை அரசு நிலத்தைக் கோரலாம் என்றும், அந்நிலத்தில் வீடு கட்டி, உழுது, ஐந்தாண்டுகள் தொடர்ந்து வாழ்ந்ததைச் சாட்சிகளோடு மெய்ப்பித்தால் அது அவருக்கே உரியதாகும் என்றும் அச்சட்டம் விதித்தது. ஆகவே வீடு என்பது வெயிலுக்கும் பனிக்கும் ஒதுங்கும் இடமாக மட்டுமன்றி, நிலத்தின் மேலுள்ள உரிமையைக் காட்டும் சான்றாகவும் இருந்தது. அது மரவீடா மண்வீடா என்று சட்டம் கேட்கவில்லை. விடுதலைக்குப் பிறகு கறுப்பினத்தவர் குடியுரிமை பெற்றதும் இந்த வாய்ப்பு அவர்களுக்கும் திறந்தது. தெற்கு மாநிலங்களில் போருக்குப் பிந்தைய சீரமைப்புக் காலம் முடிவுக்கு வந்து, வெள்ளையர் ஆதிக்கம் மீண்டும் தலைதூக்கிய 1877ஆம் ஆண்டிலேயே நிக்கோடிமஸ் தொடங்கப்பட்டது தற்செயலன்று.

டபிள்யூ. ஆர். ஹில் என்னும் வெள்ளையரான நிலத்தரகரும், டபிள்யூ. எச். ஸ்மித் என்னும் கறுப்பினத் தலைவரும் வேறு சிலரும் சேர்ந்து நகர நிறுவனம் ஒன்றை அமைத்து, கென்டக்கி மாநிலத்தின் லெக்சிங்டன், ஜார்ஜ்டவுன் வட்டாரங்களில் ஆள் சேர்த்தனர். சைமன் ரவுன்ட்ரீ என்னும் போதகர் 1877 ஜூனில் முதலில் வந்தார். ஜூலையில் சாக் பிளெச்சரும் அவர் மனைவி ஜென்னியும் வந்தனர். செப்டம்பரில் முந்நூறுக்கும் மேற்பட்டோர் எல்லிஸ் என்னும் ஊர்வரை ரயிலில் வந்து, அங்கிருந்து ஏறத்தாழ 35 மைல் நடந்தே இடத்தை அடைந்தனர். சணலும் புகையிலையும் விளைந்த, மரத்துக்குப் பஞ்சமில்லாத நாட்டிலிருந்து வந்த அவர்களுக்குப் பழக்கமான வீடு மரக்கட்டைகளை அடுக்கிக் கட்டிய வீடுதான். இங்கோ ஆற்றோரத்தில் நின்ற சில காட்டன்வுட், வில்லோ மரங்களைத் தவிர எங்கும் புல்லே பரந்திருந்தது. செழிப்பான ஊர் என்று துண்டறிக்கைகள் வருணித்த இடத்தில் வீடு என்று சொல்லத்தக்க ஒன்றும் இல்லாததைக் கண்டு, ஏறக்குறைய அறுபது குடும்பங்கள் வந்த வழியே திரும்பிவிட்டன. அடுத்த வசந்தத்தில் கணவரோடு வந்து சேர்ந்த வில்லியானா ஹிக்மன், நிலத்துக்குள்ளிருந்து எழுந்த புகையைச் சுட்டிக்காட்டி அதுவே ஊர் என்று பிறர் சொன்னபோது அழுதுவிட்டதாகப் பின்னாளில் நினைவுகூர்ந்தார். அவருடைய நினைவு பல நூல்களிலும் எடுத்தாளப்படுவதால், மண்வீடு என்றாலே இழிநிலையின் அடையாளம் என்ற எண்ணம் வாசகர் மனத்தில் பதிந்துவிடுகிறது. அந்த வீட்டைக் கட்டுவதற்கு எவ்வளவு அறிவு வேண்டியிருந்தது என்பது பேசப்படுவதில்லை.

புகை எழுந்த அந்த இருப்பிடம் குடைவு வீடாகும். கரைமேட்டின் சரிவைக் கிடைமட்டமாகக் குடைந்து, மூன்று பக்கமும் இயற்கை மண்ணையே சுவராகக் கொண்டு, திறந்திருக்கும் முன்பக்கத்தை மட்டும் கல்லாலோ புல்லோடு வெட்டிய மண்பாளத்தாலோ அடைத்துக் கதவு வைப்பது அதன் முறை. உள்ளே பின்சுவரிலேயே அடுப்புக்குழி வெட்டப்பட்டு, புகைபோக்கி மேலேயுள்ள புல்வெளியில் தலைகாட்டியதால்தான் புகை நிலத்திலிருந்து வருவதுபோலத் தோன்றியது. மண்ணை வெட்டும் கருவி தவிர வேறெதுவும் இல்லாதவரும் சில நாட்களில் அமைத்துக்கொள்ளக்கூடிய இந்த வீடு, செப்டம்பரில் வந்து சேர்ந்து பனிக்காலத்தை எதிர்நோக்கியவர்களுக்குப் பொருத்தமான தெரிவாக இருந்தது. நிலத்தடி மண் கோடையில் குளிர்ந்தும் குளிர்காலத்தில் வெதுவெதுப்பாகவும் இருப்பதால், விறகுப் பஞ்சமுள்ள நாட்டில் எரிபொருளும் மிச்சப்பட்டது. ஆயினும் வெளிச்சம் குறைவு, மழைநீர் உள்ளே இறங்கும், கூரை எதுவென்று அறியாமல் கால்நடைகள் மேலே நடந்துவிடும் என்னும் குறைகளால், வசதி சற்றுக் கூடியதும் பலர் நிலத்துக்கு மேலே வீடு எழுப்ப முயன்றனர்.

அவ்வாறு எழுப்பப்பட்டதே புற்பத்தை வீடு. புற்பத்தை என்பது, பல நூற்றாண்டுகளாக உழப்படாத புல்வெளியின் மேல்தோலை வேரோடும் மண்ணோடும் சேர்த்து வெட்டியெடுத்த பாளத்தைக் குறிக்கும். எருமைப்புல், நீலத்தண்டுப்புல் போன்றவற்றின் வேர்கள் நெருக்கமாகப் பின்னி மண்ணை இறுகப் பிடித்திருப்பதால், சுடவோ அச்சில் வார்க்கவோ தேவையின்றி அப்பாளமே செங்கல்லின் வேலையைச் செய்தது. எல்லா இடத்துப் புல்லும் இதற்கு உதவாது; வேர் அடர்த்தி குறைந்த இடத்தில் வெட்டிய பத்தை தூக்கும்போதே உதிர்ந்துவிடும் என்பதால், எந்தப் பகுதியின் புல்லை எடுப்பது என்று தேர்வதே வேலையின் முதற்படியாக இருந்தது. மண்ணில் ஈரம் இருக்கும் நாளையும் பார்க்க வேண்டும். வேர்கள் முற்றி விறைத்திருக்கும் இலையுதிர்காலம் அதற்கு ஏற்றது எனப் பழகியவர்கள் கருதினர்.

வெட்டுவதற்கு 'வெட்டுக்கிளிக் கலப்பை' என்று வழங்கிய தனிவகைக் கலப்பை ஒன்று உண்டு. சாதாரண இரும்புக் கலப்பையில் மண்ணைப் புரட்டித் தள்ளும் வளைந்த பலகை இருக்கும். அது பத்தையை நொறுக்கிவிடும். வெட்டுக்கிளிக் கலப்பையில் அப்பலகைக்குப் பதிலாக இரும்புக் கம்பிகள் இருந்ததால், ஓரடி அகலமும் மூன்று நான்கு அங்குலக் கனமும் கொண்ட நீண்ட நாடாவாக மண் உடையாமல் கழன்று வந்தது. அந்நாடாவைக் காலால் மிதித்து இறக்கும் மண்வெட்டியால் இரண்டு அல்லது மூன்றடி நீளத் துண்டுகளாக நறுக்குவர். ஒரு துண்டு ஏறக்குறைய 50 பவுண்டு, அதாவது சுமார் 23 கிலோ எடையிருக்கும். பதினாறுக்கு இருபது அடி அளவுள்ள வீட்டுக்கு இத்தகைய மூவாயிரம் துண்டுகள் தேவைப்பட்டன. வெட்டிய பத்தை காய்ந்தால் வெடித்துவிடும் என்பதால் அன்றன்று அடுக்க முடிந்த அளவே வெட்ட வேண்டும். கலப்பை ஓட்டுபவர், நறுக்குபவர், சுமப்பவர், அடுக்குபவர் ஆகியோரின் கைவேகம் ஒன்றுக்கொன்று இசைய வேண்டும் என்னும் கட்டாயம் இதனால் ஏற்பட்டது.

சுவர் வைப்பதில் கொத்தனாரின் இலக்கணம் அப்படியே செயல்பட்டது. புல் முகம் கீழே, வேர் முகம் மேலே என்று கவிழ்த்து, இரண்டு வரிசைப் பத்தைகளை அருகருகே நீளவாட்டில் வைத்து, ஒரு வரியின் இணைப்புக்கு மேல் அடுத்த வரியின் இணைப்பு வராமல் மாற்றி அடுக்குவர். மூன்று அல்லது நான்கு வரிகளுக்கு ஒருமுறை பத்தைகளைக் குறுக்குவாட்டில் வைத்து உள்வரிசையையும் வெளிவரிசையையும் பிணைப்பர். இடுக்குகளில் உதிரிமண்ணை நிரப்புவர். இவ்வாறு இரண்டு முதல் மூன்றடிக் கனமுள்ள சுவர் உருவாகும். கதவு, ஜன்னல் சட்டங்களை முதலிலேயே நிறுத்தி, அவற்றைச் சுற்றிச் சுவரை ஏற்றி, மர ஆணிகளால் சட்டத்தைப் பத்தையோடு இறுக்கினர். இதில் நுட்பமான இடம் ஜன்னலின் மேற்புறமாகும்: புதிய சுவர் தன் எடையாலேயே சில அங்குலம் அமுங்கும் என்பதை அறிந்தவர்கள், சட்டத்துக்கு மேலே இடைவெளி விட்டு, அதைப் புல்லாலும் கந்தல் துணியாலும் அடைத்துவைத்தனர்; அறியாதவர்களின் ஜன்னல் கண்ணாடி முதல் ஆண்டிலேயே நெரிந்து உடைந்தது. கண்ணாடியோ கடையில் காசு கொடுத்து வாங்க வேண்டிய பொருள்.

கூரையே இத்தொழிலின் தீராத இடர். முகட்டு மரமும் கைமரங்களும் ஆற்றோரத்திலிருந்து வர வேண்டும். அவற்றின் மேல் வில்லோ மிலாறுகளையும் நீண்ட புல்லையும் பரப்பி, அதன்மேல் மெல்லிய பத்தைகளை அடுக்குவது வழக்கம். மழை பெய்தால் நீரை உறிஞ்சிய கூரையின் எடை பெருகி நடுக்கால் தாங்க வேண்டியிருக்கும். வெளியே மழை நின்ற பிறகும் உள்ளே ஓரிரு நாள் ஒழுகும். உத்தரத்தின் கீழ் மஸ்லின் துணியைக் கட்டித் தொங்கவிட்டு, உதிரும் மண்ணையும் பூச்சிகளையும் சில வேளை பாம்பையும் அதில் தடுத்தனர் என்ற செய்தி சமவெளிக் குடியேறிகளின் நினைவுக் குறிப்புகளில் திரும்பத் திரும்ப வருகிறது. உட்சுவரை மண்வெட்டியால் சீவிச் சமன்செய்து, களிமண்ணும் சாம்பலும் கலந்து பூசியவர்களின் வீடுகள் ஓரளவு துப்புரவாகவும் வெளிச்சமாகவும் இருந்தன. பூச்சு வேலையும் பராமரிப்பும் பெரும்பாலும் பெண்களின் பொறுப்பில் விழுந்தன.

நிக்கோடிமஸின் தனி இக்கட்டு, இத்தொழிலுக்குரிய கருவிகளும் இழுவை விலங்குகளும் ஏறத்தாழ இல்லாமையாகும். முதல் ஆண்டில் ஊர் முழுவதிலும் இருந்த குதிரைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். கலப்பையோடு பிணைக்க மாடும் இல்லாதவர்கள் மண்வெட்டி, கொத்து, கடப்பாறை கொண்டே புல்லைக் கிளறினர். சட்டம் கேட்ட உழவு நிலம், குடும்பம் கேட்ட வீடு ஆகிய இரண்டும் இந்தக் கைகளிலிருந்தே வர வேண்டியிருந்தது. இங்கேதான் புற்பத்தைத் தொழிலின் உள்ளியல்பு தெளிவாகிறது: சுவருக்குப் பத்தை வெட்டும் உழைப்பும் கன்னிநிலத்தை விளைநிலமாக்கும் உழைப்பும் ஒரே வகைப்பட்டவை. வீட்டுக்கு மண் தோலுரிக்கப்பட்ட இடம், புல்வெளித் தீ பரவும்போது வீட்டைக் காக்கும் வெற்றுநிலமாகப் பயன்பட்டது. புரட்டிவிட்ட பத்தையைக் கோடரியால் பிளந்து அந்தப் பிளவில் மக்காச்சோள விதையை இட்டு மிதித்து மூடுவதே முதற்பயிர் ஏற்றும் முறை. கட்டடக்கலை, வேளாண்மை என்று நூல்கள் பிரித்து எழுதுவது நூலாசிரியர்களின் வசதிக்காகவே. முதற்குடிகளுக்கு அப்பிரிவினை இருந்திருக்க வழியில்லை.

முதற்குளிர்காலத்தைக் கடக்க வீடு மட்டும் போதவில்லை. எரிக்கக் காட்டெருமைச் சாணமும் சூரியகாந்தித் தண்டும் திரட்டப்பட்டன; வேட்டையிலிருந்து திரும்பிய ஓசேஜ் பழங்குடியினர் இறைச்சியைப் பகிர்ந்தளித்ததாக ஊரின் வாய்மொழி மரபு சொல்கிறது; கான்சாஸின் பிற ஊர்களிலிருந்தும் உதவி வந்தது. ஆண்கள் பலர் கூலி வேலை தேடி ரயில்பாதைகளுக்கும் பிற பண்ணைகளுக்கும் சென்றுவிட்டதால், நிலத்தில் தொடர்ந்து வாழ வேண்டும் என்ற சட்ட நிபந்தனையை மெய்யாக்கியவர்கள் குடைவு வீடுகளில் தங்கிய பெண்களும் குழந்தைகளும் முதியவர்களுமே. ஜென்னி பிளெச்சர் ஊரின் முதல் அஞ்சல் அலுவலராகவும் பள்ளி ஆசிரியையாகவும் பணியாற்றியதை வரலாறு பதிவு செய்துள்ளது. சுவர் பூசியவர்களின் பெயர்கள் அவ்வாறு பதிவாகவில்லை.

1880களில் விளைச்சல் கூடியபோது, உள்ளூர்ச் சுண்ணாம்புக்கல்லும் வண்டியில் வந்த பலகையும் மண்ணின் இடத்தைப் பிடித்தன. கடைகள், விடுதிகள், இரண்டு செய்தித்தாள்கள் எனத் தழைத்த ஊர், மிசௌரி பசிபிக் ரயில் நிறுவனத்தைக் கவர 16,000 டாலர் கடன்பத்திரத்துக்கு 1887இல் இசைந்தது. ஆயினும் அந்தப் பாதை வரவில்லை. மறு ஆண்டில் யூனியன் பசிபிக் நிறுவனம் சில மைல் தள்ளி ஆற்றின் மறுகரையில் பாதை அமைத்ததால், வணிகர்கள் தங்கள் கட்டடங்களோடு போக் என்னும் புதிய ஊருக்குப் பெயர்ந்தனர். மரக்கட்டடத்தை உருளைமேல் ஏற்றி இழுத்துச் செல்லலாம். புற்பத்தை வீட்டை அவ்வாறு பெயர்க்க இயலாது. தங்கியவர்கள் பெரும்பாலும் நிலத்தோடு பிணைந்த உழவர்களே.

மண்வீட்டுத் தொழில் அத்தோடு முடிந்துவிடவில்லை. நெப்ராஸ்காவின் மணற்குன்றுப் பகுதியில் 640 ஏக்கர் வரை வழங்கிய 1904ஆம் ஆண்டின் கின்கெய்ட் சட்டத்தின்கீழ், 1907 முதல் டிவிட்டி என்னும் கறுப்பினக் குடியேற்றம் தோன்றியபோதும் வீடுகள் புற்பத்தையாலேயே கட்டப்பட்டன. அதே மாநிலத்தின் கஸ்டர் கவுண்டியில் 1886 முதல் சாலமன் புச்சர் எடுத்த புகைப்படங்களுள், முன்னாள் அடிமையான ஜெரி ஷோர்ஸின் குடும்பம் 1887இல் தம் வீட்டு வாசலில் அமர்ந்திருக்கும் படம் புகழ்பெற்றது. பத்தை வரிசைகள் மாறிமாறி அடுக்கப்பட்ட விதத்தை அதில் தெளிவாகப் பார்க்கலாம். நிக்கோடிமஸைப் பொறுத்தவரை அத்தகைய படச்சான்று அரிது. வாஷ்பர்ன் பல்கலைக்கழகத் தொல்லியலாளர்கள் ஊரையொட்டிய பண்ணை ஒன்றில் குடைவு வீட்டின் குழியை அகழ்ந்துள்ளனர். மற்றபடி, உரிமை மெய்ப்பிப்புக்காகக் குடியேறிகள் நில அலுவலகத்தில் அளித்த வாக்குமூலங்களே எஞ்சிய சான்று. வீட்டின் அளவும் உழுத ஏக்கர்களும் சாட்சிகளின் கையொப்பங்களும் ஒரே தாளில் இடம்பெறும் அந்தக் கோப்புகள் அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகத்தில் பாதுகாக்கப்பட்டு வருகின்றன.