மெர்போக்கில் பனி இல்லை, உப்பு உண்டு

சுங்கை பட்டாணியிலிருந்து பீடோங், செமிலிங் வழியாக மெர்போக் போகும் சாலையில் முதலில் செம்பனைத் தோட்டம், பிறகு குனோங் ஜெராய், அதற்கப்புறம் மூக்கில் சேற்று வாடை. கழிமுகம் நெருங்கிவிட்டது என்று அர்த்தம். ஒரு பக்கம் 1,217 மீட்டர் உயர மலை, மறுபக்கம் கண்டல் காடு. சுங்கை மெர்போக் தஞ்சோங் டாவாயில் கடலோடு கலக்கிறது. ஏற்றம் வரும்போது உப்புநீர் ஆற்றுக்குள் வெகுதூரம் ஏறி வரும்.

வெளியூர்க்காரர்கள் இங்கே வருவது கடாரத்தைப் பார்க்க. ராஜேந்திர சோழனின் கடற்படை 1025 வாக்கில் தொட்ட கடாரம் இந்த வட்டாரம்தான் என்பார்கள். மெர்போக்கில் இருக்கும் பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகமும், பக்கத்து ஓடைக்கரையில் கருங்கல் அடுக்கி நிற்கும் புக்கிட் பத்து பஹாட் சண்டியும் பள்ளிச் சுற்றுலாவில் எல்லாரும் பார்த்தவை. எனக்கு அதைவிட சுங்கை பத்துவில் மனம் நிற்கும். அங்கே தோண்டத் தோண்ட வந்தவை இரும்பு உருக்கிய கசடும், உலைக்குக் காற்று ஊதிய களிமண் குழாய்களும். எந்த ஆண்டு என்பதில் ஆய்வாளர்களுக்குள் வாதம் இன்னும் ஓயவில்லை. ஆனால் பல நூறு ஆண்டுகள் இரும்பு உருக்கிக் கப்பலில் ஏற்றிய ஊர் இது என்பதில் சந்தேகம் இல்லை.

இரும்பு உருக்கிய அதே ஊரில் இப்போது இரும்பு படும் பாடு பெரும்பாடு. தஞ்சோங் டாவாய் படகுத்துறையில் நிற்கும் மோட்டார் சைக்கிள்களின் சங்கிலியைப் பாருங்கள், புரியும். துரு பிடிக்க நீரும் காற்றும் போதும். அதில் உப்பும் கரைந்திருந்தால் வேலை பல மடங்கு வேகமாக நடக்கும்.

என் மாமா தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மெர்போக்கில்தான் வீடு. வாரத்தில் இரண்டு நாள் தூண்டிலோடு துறைக்குப் போவார். காரைக் கரையோரமாக நிறுத்திவிட்டு, மீன் பிடித்த ஈரக்கையோடு கதவைத் திறப்பார். மற்ற நாள்களில் அதே கார்தான் அத்தையைச் சுங்கை பட்டாணிக்கு டயாலிசிஸுக்கு ஏற்றிப் போகிறது. வாரம் மூன்று முறை, விடியற்காலை முதல் சுற்று.

போன முறை நான் தங்கியிருந்தபோது, காலை நிகழ்ச்சி செய்து பழகிய உடம்பு நாலரைக்கே விழித்துக்கொண்டது. வெளியே மாமாவின் குரல். பேட்டரி செத்துப்போயிருந்தது. ரிமோட் அழுத்தினால் சத்தமே இல்லை. சாவி உள்ளே போகிறது, திரும்பவில்லை.

"போமனுக்குப் போன் போடவா மாமா?"

"இந்நேரத்துல எந்த போமன்டா எடுப்பான்? பக்கத்து வீட்டுத் தம்பிய எழுப்பு."

அந்தத் தம்பி தன் வேனில் ஏற்றிப் போனார். அரை மணி தாமதம். டயாலிசிஸ் தவறினால் உடம்பில் நீர் கட்டும், ரத்தத்தில் பொட்டாசியம் ஏறும், இதயத்துக்கே ஆபத்து. வழியெல்லாம் அத்தை ஒன்றும் பேசவில்லை. மாமாதான் பூட்டைத் திட்டிக்கொண்டே வந்தார்.

கதவுப் பூட்டுக்குள் மெல்லிய தகடுகள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு குட்டி ஸ்பிரிங். சாவியின் பற்கள் எல்லாத் தகட்டையும் சரியான உயரத்தில் நிறுத்தினால்தான் உருளை திரும்பும். ஒரே ஒரு தகடு ஒட்டிக்கொண்டாலும் போச்சு. ரிமோட் வந்த பிறகு நாம் சாவித் துவாரத்தைத் தொடுவதே இல்லை. ஆண்டுக்கணக்கில் உப்பும் தூசியும் அதில் குடியேறுகின்றன. பேட்டரி செத்த அன்றைக்கோ அது ஒன்றுதான் வழி. மாமாவின் பூட்டில் இன்னொரு சங்கதியும் இருந்தது. முன்பு ஒரு முறை இறுகியபோது தேங்காய் எண்ணெய் விட்டிருக்கிறார். நம் வீடுகளில் எல்லாவற்றுக்கும் மருந்து அதுதானே! எண்ணெய் நாளாக நாளாகப் பிசினாகித் தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

டொரோண்டோ பக்கம் ஸ்கார்பரோவில் இருக்கும் என் மச்சானிடம் இதைச் சொன்னேன். சிரித்தார். அங்கே குளிர்காலத்தில் இது தினசரிக் கதை. பூட்டுக்குள் போன ஈரம் உறைந்து தகடுகளைப் பிடித்துக்கொள்ளும். கதவு ரப்பரும் ஒட்டிக்கொள்ளும். ஆல்கஹால் கலந்த பனிநீக்கியைத் துவாரத்தில் அடிப்பார்களாம். அந்தக் குப்பியைக் கோட்டுப் பையில் வைக்க வேண்டும், காருக்குள் வைத்துப் பூட்டினால் என்ன பயன்? கொதிநீர் ஊற்றவே கூடாது; கண்ணாடி விரியும், ஊற்றிய நீரும் உறைந்துவிடும். குளிர் வருவதற்கு முன்பே ரப்பருக்கு சிலிக்கோன் பூசி, பூட்டுக்குள் உலர்ந்த மசகு அடித்துவிட்டால் பாதித் தொல்லை குறையும் என்றார். பனியோ உப்போ, முதல் எதிரி உள்ளே புகும் ஈரம்தான்.

சுங்கை பட்டாணி போமன் செய்ததும் ஏறக்குறைய அதேதான். முதலில் டபிள்யூடி-40 அடித்துப் பழைய பிசினையும் ஈரத்தையும் வெளியே தள்ளினார். அந்தப் பெயரே 'நீரை விரட்டும் கலவை, 40ஆவது முயற்சி' என்பதன் சுருக்கம். 1953இல் அமெரிக்க ஏவுகணைகளுக்குத் துரு பிடிக்காமலிருக்க உருவாக்கியது. ஆனால் அது நெடுநாள் தாங்காது என்று சொல்லி, காய்ந்த பிறகு டெஃப்லான் கலந்த உலர் மசகைக் கொடுத்தார். பென்சில் தூள் போதாதா என்று கேட்டேன். உள்ளூரில் போதும், உப்புக்காற்றில் கிராஃபைட்டே சில உலோகங்களை அரிக்க வைக்கும் என்றார். மாமா அன்றே புது பேட்டரியும் மாற்றிவிட்டார். இப்போது ஞாயிறுதோறும் ரிமோட்டைத் தொடாமல் சாவியாலேயே கதவைத் திறந்து மூடுகிறார். "எனக்கு வாரம் மூணு தடவ, அதுக்கு ஒரு தடவ" என்கிறார் அத்தை.

நீங்கள் போவதானால் காலையில் சுங்கை பத்துவும் அருங்காட்சியகமும் பார்த்துவிட்டு, பிற்பகலில் தஞ்சோங் டாவாய்க்கு இறங்குங்கள். நெத்திலிக் கருவாடு வாங்காமல் திரும்பாதீர்கள். எதிர்க்கரையில் பந்தாய் மெர்டேக்கா, படகில் போகலாம். காரைத் தண்ணீர் ஓரத்தில் விடாமல் சற்று மேலே நிறுத்துங்கள். வீடு திரும்பியதும் நல்ல தண்ணீரால் அடிப்பகுதியைக் கழுவுங்கள். குழாயைச் சாவித் துவாரத்துக்கு நேராகப் பிடிக்க வேண்டாம். கருவாட்டுப் பொட்டலத்துக்கு இரண்டு பிளாஸ்டிக் பை போட்டுக் கட்டச் சொல்லுங்கள். அந்த வாடைக்கு மட்டும் போமனிடமும் மருந்து இல்லை.