ஓர் எழுத்து மாற்றமும் ஒரு கத்தரிக்கோலும்

சடுதிமாற்றம் என்ற சொல்லைக் கேட்டதும் எங்கள் விலங்கியல் வகுப்பு இரண்டாகப் பிரிந்துவிடும். மாறிய வைரஸ் எல்லாம் பயங்கரமானது என்பர் ஒரு சாரார். பிழைபட்டது எப்படிப் பிழைக்கும் என்பர் மறு சாரார். வீட்டில் ஆஸ்துமாவோடு போராடும் பாட்டி இருப்பதால், எனக்கு இது வெறும் பட்டிமன்றப் பொருள் அன்று.

இன்ஃபுளுவென்சா வைரஸின் மேற்பரப்பில் நியூராமினிடேஸ் என்றொரு நொதி உண்டு. (நொதி என்றதும் கள்ளுப் பானையை நினைக்கும் நண்பர்கள் மன்னிக்க!) அதை நான் கத்தரிக்கோல் என்பேன். நம் செல்லில் பெருகி வெளிவரும் புதிய வைரஸ்கள், செல்லின் மேலுள்ள சயாலிக் அமிலத்தில் ஒட்டிக்கொண்டு தவிக்கும். அப்பிணைப்பை இந்நொதி வெட்டினால்தான் அடுத்த செல்லுக்கும் அடுத்த மனிதருக்கும் பயணம். 1999-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஒசெல்டாமிவிர் என்ற மருந்து, கத்தரிக்கோலின் வாயில் புகுந்து அதை முடக்குகிறது.

எச்1என்1 வைரஸில் இந்நொதியின் 275-ஆம் இடத்தில் இருப்பது ஹிஸ்டிடின். மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறினால் அங்கே டைரோசின் வந்து அமர்ந்துவிடும். பிறகு மருந்து சரியாகப் பொருந்தாது. ஆனால் வைரஸுக்கும் இழப்பு உண்டு. செல்லின் மேற்பரப்பை வந்தடையும் நொதியின் அளவு குறைகிறது. ஆய்வுக்கூடத்தில் நலிந்து காணப்பட்ட இவ்வைரஸ் அவ்வளவாகப் பரவாது என்றே அறிஞர் பலர் கருதினர்.

2008 ஜனவரியில் நார்வேயிலிருந்து வந்த செய்தி அவர்களைத் திகைக்க வைத்தது. அங்கே பரிசோதித்த எச்1என்1 பருவக் காய்ச்சல் வைரஸ்களில் பெரும்பாலானவை இம்மாற்றத்தைச் சுமந்திருந்தன. இத்தனைக்கும் அந்நாட்டில் அம்மருந்தின் பயன்பாடே சொற்பம்! மருந்தைக் கண்டபடி விழுங்கியதன் விளைவு என்னும் வழக்கமான விளக்கம் இங்கே செல்லவில்லை. 2008-09 பருவத்திலோ, உலகின் பல பகுதிகளில் அவ்வகை வைரஸ் ஏறத்தாழ முழுவதும் மருந்துக்கு அடங்காததாகிவிட்டது.

2010-இல் ஜெஸ்ஸி புளூம், டேவிட் பால்டிமோர் ஆகியோர் குழு விளக்கம் தந்தது. அந்த வைரஸ் மரபில் வேறு சில மாற்றங்களும் சேர்ந்திருந்தன. அவை நொதியைக் கூடுதலாக மேற்பரப்புக்குக் கொண்டுவந்து, இழப்பை ஈடுகட்டிவிட்டன. கடன் வாங்குமுன் கையில் பணம் சேர்த்து வைத்தது போல! என் மனத்தைக் கவர்ந்த இடம் இதுவே. இவ்வொரு மாற்றத்தை மட்டும் தனியே நிறுத்தி வைத்து, நலிவா வலிவா என்று நம் வகுப்பு வாதிடுவதில் பொருளில்லை.

2009-இல் தோன்றிய புதிய எச்1என்1, பழையதை ஓரங்கட்டிவிட்டுப் பரவியது. பெரும்பாலும் அது மருந்துக்கு அடங்கியது. எனினும் 2011-இல் ஆஸ்திரேலியாவின் நியூகாசில் பகுதியில், அதே டைரோசினைத் தாங்கிய புதிய வைரஸ், மருந்தே உண்ணாதவர்களிடையேயும் பரவிக் காணப்பட்டது. அதனிடமும் துணை மாற்றங்கள் இருந்தன.