கம்பியில் சிக்கியிருந்த குரல்

1949ஆம் ஆண்டின் இறுதியில், அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்திலுள்ள நியூவர்க் நகரில் ஒரு சிறிய இசைநிகழ்ச்சி நடைபெற்றது. மேடையில் பாடியவர் வுடி கத்ரி. கையில் கிட்டாருடன் ஊர் ஊராகச் சென்று, வேலையிழந்த தொழிலாளர்களையும் நிலம் இழந்த உழவர்களையும் பற்றிப் பாடியவர் அவர். அவருடைய மனைவி மார்ஜரி நிகழ்ச்சியை வழிநடத்தினார். அரங்கில் இருந்த கல்லூரி மாணவர் ஒருவர், தம்மிடமிருந்த சிறிய கருவியில் அதைப் பதிவு செய்தார். அவர் ஒலிப்பதிவைத் தொழிலாகக் கொண்டவர் அல்லர்.

அந்தக் கருவியில் ஒலிநாடா இல்லை. தலைமுடியைப் போன்ற மெல்லிய எஃகுக் கம்பிதான் இருந்தது. கம்பியில் ஏற்படும் காந்த மாற்றங்களாக ஒலி பதிவாகும். நொடிக்கு ஏறத்தாழ 60 சென்டிமீட்டர் வேகத்தில் கம்பி ஓடும். ஒரு மணி நேரப் பதிவுக்கு 2 கிலோமீட்டருக்கும் அதிகமான கம்பி தேவை! கம்பி அறுந்துவிட்டால், இரு முனைகளையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டு மீண்டும் ஓடவிடுவார்கள்.

அக்கம்பிச் சுருள்கள் ஐம்பது ஆண்டுகளுக்கும் மேல் வெளியே தெரியாமல் இருந்தன. 2001ஆம் ஆண்டில் அவை கத்ரியின் ஆவணக் காப்பகத்தை வந்தடைந்தன. காப்பகத்தை நிறுவியவர் அவருடைய மகள் நோரா. நியூவர்க் நிகழ்ச்சி நடந்தபோது நோரா தம் தாயின் வயிற்றில் இருந்தார். 1950 ஜனவரியில் பிறந்தார். அவருடைய குழந்தைப் பருவத்திலேயே, நரம்புகளைப் பாதிக்கும் கொடிய பரம்பரை நோய் தந்தையைத் தாக்கியது. கத்ரி 1967இல் காலமானார். மேடையில் கதை பேசி, சிரிக்க வைத்துப் பாடிய தந்தையை மகள் அறியார். கத்ரியின் பெரும்பாலான பதிவுகள் ஒலிப்பதிவுக் கூடங்களில் செய்யப்பட்டவை. மக்கள் முன் அவர் பாடிய பதிவுகள் மிக அரியவை. ஆகவே, அந்தச் சுருள்களில் இருந்தது வெறும் பாட்டு மட்டுமன்று.

ஆனால், கம்பியை ஓடவிட்டால் மட்டும் போதவில்லை. பழைய பதிவு என்றதும் இரைச்சல்தான் பெரிய குறை என்று பலர் நினைப்பார்கள். உண்மையில், வேகமே அதைவிடப் பெரிய தொல்லை. கம்பிப் பதிவுக் கருவிகள் பலவற்றில், கம்பியைச் சுற்றிக்கொள்ளும் உருளையே அதை இழுத்தது. கம்பி சேரச் சேர உருளை பருக்கும். இழுக்கும் வேகமும் கூடும். போதாக்குறைக்கு, பழைய கம்பி நீண்டும் முறுக்கேறியும் இருந்தது. வேகம் மாறினால் சுருதியும் மாறும். பாடகரின் குரல் ஓரிடத்தில் தடித்தும் மற்றோரிடத்தில் கீச்சென்றும் ஒலிக்கும். கிட்டாரோ தள்ளாடும்.

ஒலிப்பொறியாளர் ஜேமி ஹோவர்த்தும், நியூ ஹாம்ப்ஷயர் பல்கலைக்கழகக் கணிதப் பேராசிரியர் கெவின் ஷார்ட்டும் இந்தச் சிக்கலை அவிழ்க்க முனைந்தனர். பாட்டைச் சீர்செய்யக் கணிதம் எதற்கு என்று தோன்றலாம். இத்தகைய வேலையில், மாறாத ஓர் ஒலியைப் பதிவுக்குள் தேடுவது ஒரு வழி. அமெரிக்காவில் மின்சாரம் நொடிக்கு 60 முறை அலைவுறுகிறது. அதனால் எழும் மெல்லிய ரீங்காரம் பழைய பதிவுகளில் கலந்துவிடுவதுண்டு. அது ஓரிடத்தில் 57ஆக ஒலித்தால், அங்கே வேகம் 5 விழுக்காடு குறைந்திருக்கிறது என்று பொருள். பியானோவில் அடுத்தடுத்த இரு கட்டைகளுக்கு இடையிலான வேறுபாடே ஏறத்தாழ 6 விழுக்காடுதான். அப்படியானால், அந்த 5 விழுக்காடு எவ்வளவு பெரிய பிழை! இவ்வாறு ஒவ்வொரு கணமும் வேகம் எவ்வளவு பிசகியது என்று கணக்கிட்டு, கணினியில் நேராக்கலாம். யாரும் விரும்பாத ரீங்காரமே இங்கு அளவுகோலாகிறது.

இரைச்சலை நீக்குவதற்கு வேறு வகையான பொறுமை வேண்டும். பள்ளி ஆண்டு விழாவைக் கைப்பேசியில் பதிவு செய்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும்: மேடைப் பாட்டைவிடப் பக்கத்து இருக்கை இருமல்தான் உரக்கக் கேட்கும். எல்லாவற்றையும் துடைத்தெறிய இன்றைய மென்பொருள்களால் முடியும். ஆனால், அளவு மீறினால் பாடகர் நீருக்குள்ளிருந்து பாடுவதுபோல் ஆகிவிடும். கைதட்டல் தகரத்தில் மழை விழுவதுபோல் கேட்கும். ‘ச’, ‘ஸ’ போன்ற எழுத்துகளின் ஒலியும் இரைச்சலோடு போய்விடும். கொஞ்சம் இரைச்சலை விட்டுவைப்பவரே நல்ல ஒலிப்பொறியாளர்.

சீரமைக்கப்பட்ட பதிவு 2007இல் வெளியானது. 2008இல், சிறந்த வரலாற்று இசைத்தொகுப்புக்கான கிராமி விருது அதற்குக் கிடைத்தது. விருது பெற்ற குழுவில் கணிதப் பேராசிரியரும் இருந்தார். இன்று அதைக் கேட்பவர்களுக்குப் பாட்டுகளோடு, கத்ரி இடையிடையே கதை பேசுவதும் மார்ஜரியின் குரலும் கேட்கின்றன. அப்போது மார்ஜரி நிறைமாதக் கர்ப்பிணி.