நகல் எடுத்தியாடா?

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. காபி டம்ளரோடு உட்கார்ந்து கம்ப்யூட்டர் ஸ்விட்சைத் தட்டினேன். விளக்கு எரிந்தது. ஃபேன் 'விர்ர்ர்' என்று சுற்றியது. 'பீப்' என்று ஒரு சத்தம்கூட வந்தது. எல்லாம் பேஷ். விண்டோஸ் மட்டும் வரவில்லை. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் ஒரே வரி: பூட் ஆவதற்கு டிஸ்க் எதுவும் கிடைக்கவில்லையாம்!

அணைத்தேன். போட்டேன். அதே வரி. பக்கவாட்டில் செல்லமாக ஒரு தட்டு தட்டினேன் (பழைய டி.வி. காலத்துப் பழக்கம்). ஊஹும்.

"ஏங்க, கட்டுரை இன்னிக்குக் குடுக்கணும்னீங்களே?" என்றாள் மனைவி.

கட்டுரை போனால் போகிறது, வேறு எழுதிக்கொள்ளலாம். ஆனால், அந்த டிஸ்க்கில் அப்பா இருந்தார்.

2017-ல் ஒரு மழை ராத்திரி. கரண்ட் இல்லை. அப்பா இருட்டில் உட்கார்ந்து பழைய கதையெல்லாம் பேசினார். நாற்பது நிமிஷம். செல்போனில் பதிவு செய்து கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்தேன். அந்த போன் பஸ்ஸில் தொலைந்தது. 2020-ல் அப்பாவும் இல்லை.

அப்பா மளிகை மண்டியில் கணக்கு எழுதியவர். கார்பன் வைக்காமல் ஒரு துண்டுச் சீட்டுகூட எழுத மாட்டார். ரேஷன் கார்டுக்கு மனு எழுதினாலும் நகல், அத்தைக்குக் கடிதம் போட்டாலும் நகல். "எதுக்கும் ஒரு நகல் வெச்சுக்கோடா" என்பது அவருடைய தாரக மந்திரம். பிள்ளையாண்டான் பி.காம். வேறு! லூகா பாசியோலி என்கிற இத்தாலியப் பாதிரியார் 1494-ல் வெனிஸில் அச்சடித்த புத்தகத்தில் இரட்டைப் பதிவு முறையை விளக்கியிருக்கிறார் என்று இன்றைக்கும் ஒப்பிப்பேன். அப்பாவின் குரலுக்கு மட்டும் ஒற்றைப் பதிவு!

ரிப்பேர் கடைக்குப் போன் போட்டேன். "ஹார்ட் டிஸ்க் போயிருக்கும் சார். புதுசு போட்டுடலாம். உள்ள இருந்ததை மறந்துடுங்க." ஆளைப் பார்க்காமலே மரணச் சான்றிதழ்!

அம்மாவிடம் சொல்லவில்லை. என் மூஞ்சியைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள். "அப்பா பேசினது அதுலதானேடா இருக்கு?" அவ்வளவுதான் கேட்டாள். பதில் சொல்ல முடியவில்லை.

மாடி வீட்டுப் பெண் பாலிடெக்னிக் படிக்கிறாள். அவளைக் கூப்பிட்டேன்.

"அங்கிள், லைட் எரியுது, ஃபேன் சுத்துதுன்னா கரண்ட் வருதுன்னு மட்டும்தான் அர்த்தம். ஒரு பீப் வந்துச்சா? அப்ப மெமரி, டிஸ்ப்ளே எல்லாம் தன்னைத்தானே சோதிச்சு பாஸாயிடுச்சு. கோளாறு அதுக்கு அடுத்த படியில" என்றாள்.

முதலில், பின்னால் நான் செருகி மறந்திருந்த பென் டிரைவைப் பிடுங்கினாள். சில சமயம் மிஷின் அதில் போய் விண்டோஸைத் தேடிக்கொண்டு நிற்குமாம். எடுத்தும் பயனில்லை. பிறகு பெட்டியில் காதை வைத்துக் கேட்டாள். "டிக்... டிக்னு சத்தம் வரலை. நல்ல வேளை. அப்படி வந்தா திரும்பத் திரும்ப ஆன் பண்ணவே கூடாது அங்கிள், இருக்கறதும் போயிடும்."

அதற்குள் நான் பதினோரு தடவை ஆன் செய்திருந்தேன். சொல்லவில்லை.

மிஷினைப் போட்டதும் ஒரு சாவியைப் படபடவென்று அழுத்தினாள். பயாஸ் என்கிற உள்பக்கம் திறந்தது. அங்கே ஒரு பட்டியல். அதில் எங்கள் ஹார்ட் டிஸ்க்கின் பெயர்!

"டிஸ்க் உயிரோடதான் இருக்கு அங்கிள்!"

கதவோரம் நின்றிருந்த அம்மா மெள்ளக் கீழே உட்கார்ந்தாள்.

"இன்னிக்கு என்ன தேதி அங்கிள்?" என்று சிரித்தாள் அந்தப் பெண். திரையின் மூலையில் 1.1.2013!

மதர்போர்டில் எட்டணா மாதிரி வட்டமாக ஒரு பேட்டரி இருக்கிறது. சி.ஆர். 2032. வெறும் 3 வோல்ட். மெயினை அணைத்தாலும் தேதியையும் செட்டிங்குகளையும் ஞாபகம் வைத்திருப்பது அதன் உத்தியோகம். நாங்கள் நாலு நாள் மெயினை அணைத்துவிட்டு ஊருக்குப் போயிருந்தோம். பேட்டரி ஏற்கெனவே செத்திருக்கிறது. மிஷினுக்கு எல்லாம் மறந்து, வாங்கிய நாள் நிலைக்குத் திரும்பிவிட்டது. விண்டோஸ் 8-க்காகச் செய்த மிஷினில் பிடிவாதமாக விண்டோஸ் 7 போட்டுக்கொண்டவன் நான். அதற்குப் பழைய முறையில் பூட் ஆக வேண்டும். மிஷினோ புது முறையில் தேடியிருக்கிறது. வீடு அங்கேயே இருக்கிறது, வழிதான் மறந்துவிட்டது!

ஒயரைக் கழற்றிவிட்டு, வாட்ச் கடையில் வாங்கி வந்த புது பேட்டரியைப் போட்டோம். அவள் தேதியைத் திருத்தினாள், பழைய முறைக்கு மாற்றினாள். விண்டோஸ் சமர்த்தாக வந்தது.

முதல் வேலையாக அப்பாவை இரண்டு நகல் எடுத்தேன். ஒன்று பீரோவில். இன்னொன்று திருச்சியில் தங்கை வீட்டில். (எல்லா நகலும் ஒரே வீட்டில் இருந்தால் அதுவும் ஒற்றைப் பதிவுதான்!)

அன்று ராத்திரி எல்லோரும் உட்கார்ந்து கேட்டோம். பின்னால் மழைச் சத்தம். நடுவில் அப்பா பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்கிறார்: "இதெல்லாம் பதிவாகுதாடா? அழிஞ்சுடாதே?"

"அழியாதுப்பா" என்கிறது என் குரல், ரொம்பத் தைரியமாக.

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் காபி டம்ளரைப் பார்த்தேன்.

கட்டுரையை மறுநாள்தான் கொடுத்தேன். அதற்கும் ஒரு நகல் இருக்கிறது.